உமக்கு நேர்ந்த தீங்கு

கிசுமு நீதிமன்றம், மூன்றாம் மாடி, பதிவகம்.
ஈஸ்டருக்கு முன்பிருந்தே லிஃப்ட் பழுது.
நான் முத்திரை குத்துகிறவன்.
பக்கம் எண்ணுவேன், நூல் கோத்திருக்கிறதா பார்ப்பேன்,
கட்டணச் சீட்டைப் பின் செய்வேன்.
உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பது என் வேலையில்லை.
படித்துவிடுவேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது.
காரச் சோப்பின் வாடை
அவளை முந்திக்கொண்டு மேசைக்கு வந்தது.
பெயர்: ஃபெலிஸ்டா அபுயா ஓமோல்லோ.
தொழில்: மருத்துவமனைச் சலவை.
எதிர்மனுதாரர்: மருத்துவமனை, கவுண்டி அரசு,
சுகாதார அமைச்சர், இன்னும் இருவர்.

பத்தி ஏழு காலி.
'உமக்கு நேர்ந்த தீங்கு' என்று கேட்கிற இடம்.
விட்டுப்போயிருக்கிறது, என்றேன்.
விடவில்லை, என்றாள்.
எனக்கு எதுவும் நேரவில்லை.

பிறகு சொன்னாள்,
நான் கேட்டதாலா, உட்கார நாற்காலி கிடைத்ததாலா,
தெரியாது:

பிரசவ வார்டில் கட்டில் இருபத்திரண்டு.
வாரத்துக்கு நாற்பத்துநாலு விரிப்பு வரவேண்டும்.
வருவது எழுபது. சில வாரம் எழுபத்தைந்து.
கட்டிலுக்கு அடியிலும் ஆள் படுத்தால்தான்
இந்தக் கணக்கு வரும்.
பிள்ளை பெற்றவர்கள். பில் கட்டாதவர்கள்.
வாசலில் காவலாளி, கையில் பெயர்ப் பட்டியல்.
ஒருத்தி நாலு மாதமாய் இருக்கிறாள்.
ஒவ்வோர் இரவுக்கும் பில்லில் ஒரு வரி கூடுகிறது.
கடனுக்குச் சிறை, சிறைக்கு வாடகை.
அவள் குழந்தை குப்புற விழப் பழகியது
சிமெண்டுத் தரையில்.

ஏழை சொல் அம்பலம் ஏறாதாம்.
அன்று அழுக்குத்துணி ஏறியது,
சலவைப் பதிவேட்டின் நகலாக,
மூன்று மாடி, நடந்தே.

விதிப்படி நான் திருப்பி அனுப்பியிருக்கலாம்.
பேனாவைத் தந்தேன்.
பத்தி ஏழில் எழுதினாள்:
'விரிப்புகளைத் துவைத்தேன்.'
மை அதிகமாகி முத்திரை வழிந்தது.
அந்தப் பிசிறு இன்னும் கோப்பில் இருக்கிறது.

விசாரணையில் மருத்துவமனை வக்கீல் எழுந்தார்.
இவர் யார்?
அடைபட்டவரா, கடன்பட்டவரா, பிள்ளை பெற்றவரா?
யாருக்காக, எந்த உரிமையில்?
மின்விசிறி சுற்றுகிற சத்தம்.
துவைத்தவர், என்றார் நீதிபதி,
காகிதத்தில் இருந்ததை அப்படியே வாசித்து.
யாரோ சிரித்தார்கள். யாரோ நிறுத்தினார்கள்.

ஆறு முறை ஒத்திவைப்பு.
ஒருமுறை அரசுக் கோப்பைக் காணோம்.
ஒருமுறை மழை, வாய்தாவே நனைந்துபோனது.
இடையில் அந்த நாலு மாதக்காரி வெளியே வந்தாள்;
அவள் அண்ணன் படகு இயந்திரத்தை விற்றிருந்தான்.
அபுயாவின் ஒப்பந்தத்தை மருத்துவமனை புதுப்பிக்கவில்லை.
காரணம் எழுதித் தரவில்லை.
இப்போது ஏழாம் பத்திக்கு விஷயம் இருந்தது.
மனுவைத் திருத்தலாமே, என்றேன்.
அது வேறு வழக்கு, என்றாள்.

தீர்ப்பு ஐம்பத்தெட்டுப் பக்கம்.
நான்தான் எண்ணினேன்.
முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி:
பூட்டிய அறைக்குள் இருப்பவரால் பதிவகத்துக்கு வர இயலாது;
ஆகவே வெளியே இருப்பவர் வரலாம்.
சான்று நகல் எடுக்கையில்
அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை எடுத்தேன்.
ஒன்று என் இழுப்பறையில்.

இழப்பீடு இன்னும் வரவில்லை.
காவலாளி அதே வாசலில்தான் இருக்கிறான்,
கையில் பட்டியல் இல்லாததால்
கையை என்ன செய்வதென்று தெரியாமல்.

நேற்று மறுபடி வந்தாள்.
லிஃப்ட் அப்படியே. மூச்சும் அப்படியே.
சோப்பு வாடை மட்டும் இல்லை,
இப்போது ஏரிக்கரையில் மீன் பொரிக்கிறாளாம்.
சலவையில் புதிதாய்ச் சேர்ந்த பெண்
வாராவாரம் எண்ணிச் சொல்கிறாளாம்.
நாற்பத்துநாலு, நாற்பத்துநாலு, நாற்பத்துநாலு.
இந்த வாரம் நாற்பத்தாறு.

ஏதாவது சிந்தியிருக்கும், என்றேன்.
இருக்கலாம், என்றாள்.
வெற்று மனுத்தாள் ஒன்று கேட்டாள்.